ஒரே உலை

நம்புராசன் ஏறக்குறைய ஐந்நூறு சதுர கிலோமீட்டர் கடலைத் தன் உடம்பால் தாங்கிக்கொண்டிருந்தவன். பார்த்தால் தெரியாது, ஆள் ஒல்லி. அவன் கிளம்பிப் பாம்பனுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டால் இந்தியா அந்த அளவுக்குச் சுருங்கிப்போகும். நான் அளந்துவிடுவதாக நினைக்க வேண்டாம். இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரு நாட்டுக் கூட்டு அளவைக் குழுவுக்குப் படகு ஓட்டியவன் நான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல அவசியமே வரவில்லை. உண்மையே போதுமான அளவு கோணலாக இருந்தது.

கடல் ஏறிய வருஷங்கள் அவை. ஒரு நாட்டின் கடலை அதன் கரையிலிருந்துதான் அளப்பார்கள். கரையே ஊருக்குள் ஓடி வந்துவிட்டால் எங்கிருந்து அளப்பது? உலகமெங்கும் வக்கீல்கள் இதை வைத்து வீடு கட்டினார்கள், மலைப்பக்கமாகப் பார்த்து. சில நாடுகள் பழைய கோடே இருக்கட்டும் என்றன. நம்மவர்களும் இலங்கைக்காரர்களும் மட்டும், நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஏதோ ஒரு பலவீனமான நேரத்தில் முடிவு செய்து, கோடும் கடலோடு சேர்ந்து நகரட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். மனிதர் குடியிருக்கும் கடைசி மண் அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது என்று வானத்திலிருந்து பார்த்து, இரண்டுக்கும் நடுவில் கோடு. மாதா மாதம் நீர் மிக வற்றும் நேரத்தில் புதுக் கணக்கு.

கோட்டைக் காட்ட ஆரஞ்சு நிற மிதவைகள். உள்ளே மோட்டார். கணக்கு வந்ததும், தாய் வாத்துக்குப் பின்னால் போகும் குஞ்சுகள் மாதிரி வரிசையாக நீந்திப் புது இடத்துக்குப் போய் நின்றுகொள்ளும்.

ஆரம்பத்தில் ஜனங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தியாவில் விரித்த வலையை இலங்கையில் இழுத்தார்கள். ஒருவர் படகின் பின்பக்கம் ஒதுங்கப் போனார். வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது வெளிநாட்டில் இருந்தார். இரண்டு நாட்டுக் காவல் படகுகளும் ஒரே ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்க, உங்களை யார் கைது பண்ணணும்னு பாத்துச் சொல்றோம்" என்று மரியாதையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். காத்திருந்தவருக்கு பிஸ்கட்கூடக் கொடுத்தார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் கைது செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தனுஷ்கோடிக்குக் கிழக்கே கிடக்கும் மணல் திட்டுகளுக்கு மவுசு வந்தது. அதுவரை நாரை உட்காருகிற இடம். இப்போது அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்தால் கோடு அந்தப் பக்கம் தள்ளிப்போகும்.

நம்புராசனை வேலைக்கு எடுத்தவர் கோதண்டம். ரேஷன் துறையில் காலமெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தவர். எந்தப் புண்ணியவானோ அவரைத் தூக்கி ஒப்பந்தக் குழுவில் போட்டிருந்தான். பாம்பன் துறையில் என் படகில் உட்கார்ந்துதான் பேச்சு நடந்தது.

"வீடு இருக்கா உனக்கு?"

"இருந்துச்சு சார். இப்ப அதுல நண்டு குடியிருக்கு."

"வீட்டுக்காரி?"

"அவ வீட்டுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டா."

"பிள்ளைகுட்டி?"

"இல்ல சார். எதுக்குக் கேக்குறீக? பொண்ணு கிண்ணு பாத்திருக்கீகளா?"

"திட்டுல போயி இருக்கியா?"

"இருந்து என்ன செய்யணும்?"

"இருக்கணும்யா. அதான் வேலை. காவக்காரனப் போட்டா அது குடியிருப்பு ஆகாது. கொடி நட்டாலும் ஆகாது. ரோபோவ உக்கார வச்சுப் பாக்கலாமான்னான் ஒருத்தன். அது எங்கய்யா பசிச்சுச் சாப்பிடப் போகுது? குடியிருக்கான்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு ரெண்டு நாட்டு வக்கீலும் முழிச்சானுங்க. நான்தான் சொன்னேன், அடுப்பப் பாருங்கய்யான்னு. தனிக் கார்டு வேணும்னு ஒருத்தன் வந்தா நாங்க என்ன செய்வோம்? வீட்டுல தனி உலை கொதிக்குதான்னு பாப்போம். கொதிச்சா தனிக் குடும்பம். இல்லேன்னா ஒரே குடும்பம். அந்தப் பக்கத்து ஆளுகளும் சரின்னுட்டாக. ஏழாவது பிரிவு. என் கையால எழுதினது."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணும் சேத்தேன். கோடு எவன் வீட்டுக்குள்ளயும் நுழையக் கூடாது. அடுப்பு ஒரு நாட்டுல, கட்டில் ஒரு நாட்டுலன்னு ஆகிப்போனா, புருஷன் சோத்துக்கு விசா எடுக்கணும் பாரு. அதனால ஒரு குடும்பம் புழங்குற இடத்தக் கோடு சுத்திப் போயிடணும். அப்புறம், அங்க ஏதாச்சும் பொருளாதார வாழ்வு இருக்கணும். ஒரு டீக்கடை போட்டுக்க."

"நடுக்கடல்லயா? யாரு சார் வருவா?"

"அதை ஒப்பந்தம் கேக்கல."

நம்புராசன் டீக்கடை போட்டான். பெஞ்சுகூடப் போட்டான்.

கிழக்கே, நல்ல வெயிலில் கை நிழல் வைத்துப் பார்த்தால் தெரிகிற தூரத்தில், இலங்கைக்காரர்களும் ஒரு திட்டில் ஆள் வைத்தார்கள். மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து வந்த எமல்டா. ஐம்பதைத் தாண்டிய விதவை. நம்புராசனைப் போல அவள் போக்கிடமில்லாமல் வந்தவளில்லை. இரண்டு திட்டுக்கும் நடுவில், அவள் பக்கமாகச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் ஒரு பாறைத் தொடர் இருந்தது. ஏழுபாகப் பார் என்று பெயர். விளைமீனும் பாரை மீனும் அங்கேதான் ஒதுங்கும். அவள் மகன் ஜெறோமுக்கு அதுதான் வயல். ஒரு முறை அவன் அங்கே தூண்டில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கையில், கோடு அவனைக் கடந்து கிழக்கே போய்விட்டது. எங்கள் பக்கத்துச் சிறையில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தான். திரும்பி வந்ததும் மறுபடியும் அங்கேயே போனான். வேறு எங்கே போவான்? மற்ற இடங்களில் மீன் இல்லை.

எமல்டாவின் திட்டு நீருக்கு மேலே நின்று, அதில் அவள் அடுப்பு எரிகிறவரைக்கும் பார் இலங்கையில் இருக்கும். அணைந்தால் கோடு தாவிவிடும். ஜெறோம் உள்ளே போவான். முன்பு ஒருமுறை பிடிபட்டவனை லேசில் விடமாட்டார்கள். அவள் அடுப்பை ஊதும்போது பார்த்திருக்கிறேன். சோற்றுக்காக ஊதுகிறவள் மாதிரி இருக்காது.

அவளும் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருந்தாள். ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். இவன் தெப்பத்தில் போய் அவளிடம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தண்ணீர் குடிப்பான். அவள் தோணியில் வந்து இவனிடம் பால் டீ குடிப்பாள். இரண்டு நாடுகளும் இதை ஏற்றுமதிக் கணக்கில் எழுதிக்கொண்டன. கடைக்காரர் இருவருக்கும் மற்றவர் டீ பிடிக்காது.

"அண்ணை, இதென்ன, பாலைக் காய்ச்சிப்போட்டு அதுக்குத் தேயிலையைத் தூரத்தில நிண்டு காட்டினனியளோ?"

"உங்க டீயக் குடிச்சா நாக்குல துணி தொவைக்கலாம் போல இருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் சொன்னேனா?"

இப்படி வியாபாரம் நடந்தது.

சிக்கல் மணலில் வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இவன் திட்டு மணல் கரைந்து கிழக்கே போகும். வாடைக் காற்றில் அவள் மணல் மேற்கே வரும். காலகாலமாக அந்தக் கொடுக்கல்வாங்கல் சரியாகவே இருந்தது. கடல் ஏறிய பிறகு கச்சான் நோஞ்சானாகிவிட்டது. வாடை மட்டும் மாதக்கணக்கில் நின்று அடித்தது. எமல்டாவின் திட்டு இளைத்தது. நம்புராசனின் திட்டு தொந்தி போட்டது.

ஒரு நாள் அவள் டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணை, அடியில மண் கிடக்கு."

"உங்க மண்ணுதான். போன வாடையில வந்துச்சு. எடுத்துட்டுப் போங்க."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். அவள் டம்ளரைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தோணியில் ஏறிவிட்டாள். அதைப் பார்த்த பிறகு நம்புராசனுக்கு டீ இறங்கவில்லை. மறுநாளிலிருந்து பால்மாவு டின்களில் மணலை அள்ளித் தெப்பத்தில் வைத்துக் கொண்டுபோனான். கொட்டி மிதித்துவிட்டு வருவான்.

வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கண் கூர்மை. இந்தியா ஒரு ஓரத்தில் தேய்கிறது, இலங்கை அதே அளவுக்குத் தேறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கோதண்டம் என் படகில் பதறிக்கொண்டு வந்தார்.

"யோவ் நம்பு! நீ செய்யிறது என்னன்னு தெரியுதா? நாட்டோட நிலப்பரப்பு அது. ராஜாக்கள்ளாம் யுத்தத்துல தோத்துட்டுக் குடுத்தத நீ டீ வித்துக் குடுக்குறியே!"

"சார், அது அந்தம்மா மண்ணு."

"எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் வெளுப்பா இருக்கும். வேணும்னா பாருங்க."

"மண்ணுக்கு எதுய்யா நாடு? இங்க கிடந்தா நம்முது."

"அப்ப அது விசா இல்லாம வந்தப்பவே பிடிச்சிருக்கணும்ல சார்? அப்ப எங்க இருந்தீக?"

கோதண்டம் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் அன்றைக்கு நிறைய அழுக்கு இருந்தது.

டின்னால் கடலோடு போட்டி போட முடியாது. அடுத்த வாடையில், அளவைக்கு முந்தின நாள் ஆரம்பித்த காற்று, அவன் அத்தனை நாள் சுமந்ததை ஒரே மூச்சில் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டது. கூடவே அவள் குடிசையையும், பெஞ்சையும், அடுப்பையும் வாரிக்கொண்டு போனது.

மறுநாள் உச்சி வெயிலில் நான் இரண்டு அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். நம் பக்கம் கோதண்டம். அவர்கள் பக்கம் அருந்தவநாதன். நல்ல மனிதர், யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் தனக்கே காய்ச்சல் வரவழைத்துக்கொள்வார். எமல்டாவின் திட்டு பாய் விரித்த அகலத்துக்கு ஈரமாகத் தெரிந்தது. அவ்வளவுதான். ஆள் இல்லை.

அவள் நம்புராசனின் திட்டில் இருந்தாள். சேலை இன்னும் காயவில்லை. காப்பாற்றியது ஒரு சோற்றுப் பானை, ஒரு டின் அரிசி, கண்ணாடி போன மாதா படம். பானை அவன் அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது.

அருந்தவநாதன் தொண்டையைச் செருமினார். "எமல்டாக்கா, உங்கட அடுப்பு எங்க?"

"கடலுக்குள்ள, தம்பி."

"வேற... சின்னதா ஏதும் மூட்டி..."

"எதில வச்சு மூட்டுறது? நிண்டாக் கால் நனையுது."

அடுப்பு இல்லை என்று அவர் எழுத வேண்டும். எழுதவில்லை. பாரின் மேல் ஜெறோமின் படகு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் குனிந்து தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். மிதவைகள் மோட்டாரைச் சூடேற்றிக்கொண்டு உறுமின. மேற்கே எங்கள் காவல் படகு ஒன்று, யாரையும் அவசரப்படுத்த விரும்பாத மாதிரி, மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. எமல்டா மகன் படகிலிருந்து கண்ணை எடுக்காமல் விறகை உள்ளே தள்ளினாள்.

கோதண்டம் அடுப்பருகே போனார். மனசு வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். கை மட்டும் பழக்கத்தில் பானை மூடியைத் தூக்கியது. வாயும் பழக்கத்தில் கேட்டது. "ஒரே உலையா, தனி உலையா?"

ஊர் உலகத்தில் அவர் எத்தனை வீட்டில் கேட்ட கேள்வி. மருமகள்கள் தனி உலை என்பார்கள்; மாமியார்கள் ஒரே உலை என்பார்கள்.

நம்புராசன் பிறந்த பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நனைந்த துணியோடு ஒருத்தர் வந்து உன் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டால், அவர் காதுபட 'அவர் சோறு வேறு, என் சோறு வேறு' என்று சொல்லக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். அரிசி அவள் டின்னிலிருந்து வந்தது, பானையும் அவளுடையது. இருந்தாலும் தனி உலை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

"ஒரே உலைதான் சார். இதுல என்ன கேள்வி?"

கோதண்டம் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்து கண்ணே தெரியவில்லை.

"என்ன சொன்ன?"

"ஒரே உலைன்னேன். சாப்பிட உக்காந்தவுகள வச்சுக்கிட்டுத் தனின்னு சொல்லுவாகளா?"

அருந்தவநாதன் மெதுவாகச் சொன்னார். "ஐயா, ஏழாம் பிரிவு..."

"தெரியும்யா! நான் எழுதினது!" கோதண்டம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே உலைன்னா ஒரே குடும்பம். ஒரே குடும்பம்னா, இந்தத் திட்டும் அந்தத் திட்டும் அதுக புழங்குற இடம். நடுவுல கிடக்குறது..."

"முற்றம்" என்றார் அருந்தவநாதன். காய்ச்சல் விட்ட முகம் அவருக்கு.

"கோடு உள்ள நுழைய முடியாது. சுத்திப் போகணும். பார் உங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல." கோதண்டம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எமல்டாவைப் பார்த்தார். "ஆனா இவன் சொன்னா மட்டும் போதாது. அந்தம்மாவும் சொல்லணும்."

எமல்டா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசாலை மாதா கோயிலுக்குத் தோணி வலிக்கிறவள். கட்டினவன் கடலோடு போன பிறகு வண்ணச் சேலைகூட உடுத்தாதவள். ஒரு வேற்று ஆண்பிள்ளையோடு ஒரே அடுப்பு என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அது அரசாங்கத்தோடு நிற்காது.

"யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா" என்றார் அருந்தவநாதன். "ஊரில தெரியவரும்."

"தெரியாமலிருக்குமோ?" அவள் இன்னொரு முறை பார்ப் பக்கம் பார்த்தாள். ஜெறோம் தூண்டிலை வீசிவிட்டு நிமிர்ந்திருந்தான். "ஓம். ஒரே உலைதான்."

"கலியாணம் எண்டு ஏதும்..."

"அது உங்கட பிரிவில கிடக்கோ, தம்பி?"

"இல்லை."

"பிறகென்ன. கையைக் கழுவிப்போட்டு இருங்கோ. சோறு வடிக்கப் போறன்."

மிதவைகள் தடுமாறிப் போயின. ஒரே இடத்தில் சுற்றின, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பிறகு பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் நீந்தி, இரண்டு திட்டையும் பாரையும் வளைத்து வேலி மாதிரி நின்றன. எங்கள் காவல் படகு வேலி ஓரம் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிற்று. அதிகாரிகள் சாப்பிட்டார்கள். அப்படியானால் அவர்களும் அந்தக் குடும்பமா என்ற கேள்வியை யாரும் கிளப்பவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடல் எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லை. பாம்பன் படகும் வரும், பேசாலைப் படகும் வரும். வேலிக்கு வெளியே எஞ்சினை நிறுத்தி, "எக்கா, முத்தத்துக்குள்ள வரலாமா?" என்று கேட்பார்கள். "வாருங்கோ, சண்டை பிடிக்கப்படாது" என்பாள். அடி வரைக்கும் அரித்துக்கொண்டு போகிற இழுவைப் படகுகள் வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். "ஆரும் முத்தத்தை உழுவினமோ?" எல்லாம் அவ்வளவுதான். பெரிய பெரிய மாநாடுகளில் தீராதது அந்த ஒரு கேள்வியில் நின்றது. அவர்களுக்குள் சண்டை வந்து அடுப்பைப் பிரித்துவிடுவார்களோ என்று இரு நாட்டுக்கும் கவலை. ஒரு முறை மீன் குழம்புக்குப் புளியா தேங்காய்ப்பாலா என்று பேச்சு முற்றி, இரண்டு வெளியுறவுச் செயலாளர்கள் அவசரமாகப் பறந்து வந்து தேங்காய்ப்பால் என்று முடித்துவைத்தார்கள்.

'அண்ணை' என்று கூப்பிடுவதை எமல்டா ஒரே உலை என்று சொன்ன அன்றோடு விட்டுவிட்டாள். வேறொன்றும் கூப்பிடவில்லை. திட்டுகள் மேலும் கரைந்தபோது இருவருமாகப் பனங்கட்டைகள் நட்டு மேலே பலகை போட்டார்கள். கூரையின் கிழக்குப் பக்கம் மாதா படம், மேற்குப் பக்கம் நம்புநாயகி அம்மன் படம். நடுவில் அடுப்பு.

ஜெறோம் மட்டும் மேலே ஏறவில்லை.

சேதி தெரிந்த அன்றே வந்தான். படகிலிருந்து இறங்காமலே பேசினான்.

"அம்மா, ஊரில என்ன கதைக்கினம் தெரியுமே உங்களுக்கு?"

"தெரியும். சாப்பிட்டியோ?"

"கோயிலடியில என்னைக் கண்டா ஆக்கள் கதையை நிப்பாட்டினம். அப்பாவின்ர பேரைச் சொல்லிப்போட்டுச் சிரிக்கினம்."

"நீ வெளியில நிக்கிறாய். அது போதும் எனக்கு."

"இதுக்கு நான் மறியல் கம்பிக்குள்ளயே கிடந்திருப்பன்."

"கிடந்தனி தானே ஒருக்கா. வந்தபிறகு எத்தனை நாள் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தனி எண்டு எனக்கெல்லோ தெரியும்."

அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். வருஷக்கணக்கில் அந்தப் பாரில்தான் மீன் பிடித்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். இரண்டு ஊர்க்காரரும் அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். எந்த மகனுக்காக அந்த அடுப்பு எரிந்ததோ அவன் தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பழையதை, முதுகைக் காட்டிக்கொண்டு தின்பான். எமல்டா பார்ப்பாள். நம்புராசன் அவள் பார்ப்பதைப் பார்ப்பான். நான் டீயைப் பார்ப்பேன்.

பிறகு எமல்டாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள், ஆனால் படுக்கையை விட்டு அசையக் கூடாது என்றுவிட்டார்கள். அது அந்த மாத அளவை நாளோடு சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் அதிகாரிகளுக்கு ஆளில்லாத படகு வந்து, எனக்கு வேலை போயிருந்தது. நான் டீ குடிக்கத்தான் அங்கே போயிருந்தேன். கோதண்டம் கைத்தடியோடு இறங்கினார். பின்னால் அருந்தவநாதன், நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"நம்பு, ரெண்டு நாட்டு வாயும் இந்த உலையில சாப்பிடணும். நீ மட்டும் தின்னா அது இந்தியச் சோறு. ரெண்டு திட்டும் நம்ம கணக்குல விழுந்துரும். கோடு கிழக்க போயிரும்."

"அந்தப் புள்ள உள்ள போயிருவான்ல சார்?"

"போயிருவான்."

"அந்தம்மா வர்ற வரைக்கும் தள்ளி வையுங்க."

"நீர் வத்துறத நான் எப்படிய்யா தள்ளி வைப்பேன்?"

அருந்தவநாதன், "நான் ஒரு வாய் சாப்பிட்டா?" என்றார்.

"நீங்க அதிகாரி. அதிகாரி சாப்பிடுறது எந்த நாட்டுலயும் கணக்குல வராது. விருந்தாளியும் ஆகாது. அந்தம்மா, இல்லேன்னா அவுக ரத்தம்."

நம்புராசன் கும்பிட்டுக் கேட்டுப் பழகாதவன். பலகை ஓரம் போய் நின்று பாரைப் பார்த்து ஒரே ஒரு முறை குரல் கொடுத்தான். "யப்பா ஜெறோமு! சோறு ஆயிருச்சு!"

எந்தப் பிரிவையும் சொல்லவில்லை. மிதவைகள் உறுமத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கடலில் எல்லோருக்கும் தெரியும். சுற்றி நின்ற இரண்டு ஊர்ப் படகுகளிலும் ஒருவரும் வலை இழுக்கவில்லை. ஜெறோம் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நங்கூரத்தைத் தூக்கினான்.

வந்தான். கயிற்றைக் கட்டினான். யார் முகத்தையும் பார்க்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நம்புராசன் தட்டை வைத்துச் சோறும் விளைமீன் குழம்பும் போட்டான். குழம்பு கொஞ்சம் பலகையில் சிந்திற்று.

ஒரு கவளம் உள்ளே போனது. கோதண்டம், "போதும், ஆச்சு" என்றார். கண்ணாடியில் அன்றைக்கு ஆவி எதுவும் படியவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டார். மிதவைகள் அடங்கின. அதிகாரிகள் படகேறினார்கள். சுற்றி நின்ற படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சினை முடுக்கிக்கொண்டு கலைந்தன.

ஜெறோம் இனிக் கை கழுவிக்கொண்டு போகலாம். சட்டத்துக்கு வேண்டியது முடிந்துவிட்டது. நம்புராசன் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உப்புக் கூடிப்போச்சு" என்றான்.

"உங்கம்மா சொன்ன அளவுதான் போட்டேன்."

"ஓம். அவ எப்பவும் அப்பிடித்தான்."

அதிகாரிகளின் படகு கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. ஜெறோம் தட்டைச் சற்று முன்னால் தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ. குழம்பும்."